பழைய காருக்கு எந்தக் காப்புறுதி என்று கேட்டவர்கள்

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். ஈப்போவில் நான் வேலை பார்த்த காப்புறுதி முகவர் அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இனிமேல் கார் காப்புறுதியை எல்லாரும் கைப்பேசியிலேயே புதுப்பித்துக்கொள்ளப் போகிறார்களாம். அலுவலகத்துக்கு யாரும் வர வேண்டியதில்லையாம். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னமும் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்றாள்.

"அக்கா, பத்துப் பதினஞ்சு வருஷத்துக் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்கணுமா, தர்ட் பார்ட்டி போதுமான்னு கேக்குறாங்க. நீங்கன்னா என்னா சொல்வீங்க? ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்கக்கா, வாட்ஸ்அப் குரூப்ல போட்டுறேன்."

ஒரு பக்கத்தில் எழுதித் தருகிற விஷயமா அது! முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் சோறு சாப்பிட்டேன். நன்றாகவே பதில் சொன்னேன். எனக்கு அடக்கம் கொஞ்சம் கம்மி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வேலை விஷயத்தில் அவர் சொல்வது உண்மைதான். அதனால் கவிதா கேட்ட ஒரு பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் படிவம் முடித்து, தட்டச்சு கற்றுக்கொண்டு, சிவஞானம் சாரின் அலுவலகத்தில் முன்மேசைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் முத்திரை குத்துவது, ரோட் டாக்ஸ் எடுத்து வருவது, சாருக்குப் பார்லித் தண்ணீர் வாங்கி வருவது என்று ஓடிப்போயின. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தர்ட் பார்ட்டி என்பது சட்டம் கட்டாயமாகக் கேட்பது. நாம் யார் மேலாவது மோதிவிட்டால் அவர்களுக்கு அது பதில் சொல்லும், நம் காருக்கு ஒரு காசு கிடைக்காது. அதற்கு மேல் எடுப்பதெல்லாம் நம் விருப்பம். நம் காரின் சேதத்தையும் சேர்த்துப் பார்க்கிற முழுக் காப்புறுதியை நம் ஆட்கள் ஃபர்ஸ்ட் பார்ட்டி என்பார்கள். அதிலும் வெள்ளம் சேராது. வெள்ளத்துக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு, கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதுக் காருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கடன் கொடுத்த பேங்கே முழுசாகப் போடச் சொல்லிவிடும். கடன் அடைந்து, காருக்கும் வயசாகி, சந்தையில் விலை இறங்கிப்போன பிறகுதான் இந்தக் கேள்வி பிறக்கிறது. அப்போது காரின் விலையைப் பார்த்து, "விலையே போகாத வண்டிக்கு எதுக்கு இவ்ளோ கட்டணும்?" என்று பெருவாரியானவர்கள் தர்ட் பார்ட்டிக்கு இறங்கிவிடுவார்கள். பல பேருக்கு அது சரியான முடிவுதான்.

எங்கள் சாருக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். அவருடைய அப்பா ரயில்வேயில் உத்தியோகத்துக்கு வந்தவர். சார் வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறம் போட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் ஃபைல்களுக்குள் தலையை நுழைத்துக்கொள்வோம். யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. அலுவலகத்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பழைய காருக்கு, அது நிற்கிற வீட்டுக்கே போய்ப் பார்க்காமல் நாங்கள் எதையும் எழுதக் கூடாது. வாடிக்கையாளர் காரைக் கழுவித் துடைத்து அலுவலக வாசலில் கொண்டு வந்து நிறுத்தினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"இஞ்ச வந்து நிக்கிறது வெளிக்கிட்டு வந்த கார், பிள்ளை. வீட்டில நிக்கேக்க எப்பிடி நிக்குது எண்டு போய் வடிவாப் பாத்திட்டு வாரும்," என்பார்.

போவதற்கும் ஒரு முறை உண்டு. காலையில், அவர்கள் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் போய்விட வேண்டும். முதலில் காரைப் பார்க்கக் கூடாது, கார் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். மேலே கூரையா, காய் விழுகிற டுரியான் மரமா, பின்னால் ஆறா, மலையடிவாரமா என்று பார்க்க வேண்டும். பிறகு கால்மிதி விரிப்பைத் தூக்கி மோந்து பார்க்க வேண்டும். சேற்று வாடை அடித்தால் அது ஏற்கெனவே தண்ணீர் கண்ட கார். அப்புறம் பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் இன்ஜினிலும் சேஸியிலும் குத்தியிருக்கிற நம்பர்களைத் துடைத்து, அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த எண்கள் காரின் பதிவுப் பத்திரத்தில், அதாவது நாம் கிரான் என்கிறோமே அதில், இருக்கிற எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாம் முடிந்து, அவர்கள் தருகிற தேநீரைக் குடித்துக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். நாளைக்கு இந்தக் கார் இல்லாமல் போனால் இந்த வீட்டில் எது நின்றுபோகும்?

"காரின்ர விலையைப் பாக்காதயும். அதின்ர வேலையைப் பாரும்," என்பதுதான் சார் எனக்குச் சொன்னது.

அதை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ பேருக்கு முழுக் காப்புறுதி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். குனோங் ராபாட்டில் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர் ஒருவர் ஞாபகம் வருகிறார். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. பொட்டு வைத்து, துணி போர்த்தி, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக மட்டும் எடுப்பார். மற்ற வேலைகளுக்கு மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கார் பக்கத்திலேயே நின்றது.

"இது என் ராசியான வண்டி தங்கச்சி. எவ்ளோ ஆனாலும் பரவால்ல, பெரிய தொகைக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி போட்டுருங்க."

"நீங்க எவ்ளோ பெருசா எழுதினாலும், கார் போச்சுன்னா அன்னைக்கு மார்க்கெட்ல அது என்னா விலையோ அதுக்கு மேல தர மாட்டாங்க பத்தரே. இடிபட்டுப் புது சாமான் மாத்தினாலும் அதுல ஒரு பங்கு நீங்கதான் கட்டணும்."

"அது என்னாலா நியாயம்? நான் பணம் கட்டுறேன்ல?"

"பழைய நகையைக் குடுத்துப் புது நகை வாங்க வர்றவங்ககிட்ட நீங்க கழிக்கிறதில்லையா? அது மாதிரிதான். பழைய காருக்குப் புது சாமான் போட்டா கழிப்பாங்க."

பத்தர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "என் கடையில நான் சொல்றதையே எனக்குத் திருப்பிச் சொல்றியா?" என்றார். கடைசிக் கேள்வியையும் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி பதில் சொன்னார். "என்னா நின்னு போகப்போகுது? வெள்ளிக்கிழமை புது வண்டியில போவாரு, அவ்ளோதான்."

தர்ட் பார்ட்டி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல கமிஷன் கைவிட்டுப் போயிற்று. சாரிடம் சொன்னபோது அவர் தன் முன்னால் இருந்த பார்லித் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த அலுவலகத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முனியாண்டி அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் இருந்த தோட்டம் ரப்பரை அழித்துச் செம்பனைக்கு மாறி வெகு காலம் ஆகியிருந்தது. பழைய லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், சில குடும்பங்கள் மட்டும் மிச்சமிருந்தன. அவர் மனைவி லெட்சுமி அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று முறை ஈப்போவுக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. பிள்ளைகளும் இல்லை. இருந்தது ஒரு பழைய கார்தான், அதன் கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்.

ரோட் டாக்ஸ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். தர்ட் பார்ட்டி போதும் என்றார். வழக்கப்படி மறுநாள் காலையில் நான் லயத்துக்குப் போனேன்.

கார் நின்ற கொட்டகைக்குப் பின்னால் ஆறு ஓடியது. லயத்துச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குப் பழைய வெள்ளத்தின் கறை இருந்தது. எனக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, இதுக்கு முழுசாப் போடுங்க. வெள்ளத்தையும் சேத்துப் போடுங்க."

"இந்த டப்பாவுக்கா? ஊரே சிரிக்கும் தங்கச்சி."

"இது போச்சுன்னா அவங்க தர்ற காசுல புதுக் கார் வாங்க முடியாதுதான். ஆனா இதே மாதிரி இன்னொரு டப்பா வாங்கலாம்ல? அதுக்குக் கையில காசு வெச்சிருக்கீங்கன்னா சொல்லுங்க, தர்ட் பார்ட்டியே போதும்."

அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்த லெட்சுமி அக்காவைப் பார்த்தார். அக்கா சிரித்தார். "என்னைப் பாத்தா? அவ சொல்ற மாதிரி போடுங்க," என்றார். அண்ணனும் சரியென்றார். நான் நிம்மதியாகத் துணியை எடுத்து இன்ஜின் நம்பரைத் துடைத்தேன். கிரானில் இருந்த எண் வேறு, இதில் இருந்த எண் வேறு. பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன், மாறவில்லை.

"இன்ஜின் மாத்தினீங்களாண்ணே?"

"ஆமாலா. பழசு படுத்துருச்சு. மச்சான் பட்டறையில ஹாஃப் கட் எறக்கிக் குடுத்தான். சூப்பரா ஓடுது."

ஹாஃப் கட் என்றால் ஜப்பானில் கழித்துக் கட்டிய காரின் முன்பாதியைக் கப்பலில் கொண்டு வந்து விற்பார்களே, அதிலிருந்து எடுத்த இன்ஜின். நம் தோட்டத்து ஆட்களுக்கு அது தெரியாத விஷயமே இல்லை. மச்சானோ பங்காளியோ யாராவது ஒருவன் பட்டறை வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுக் கோழிக்கறி சாப்பிட்டுப் போவான். இன்ஜினை மாற்றினால் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையில் போய் நம்பரையும் மாற்றிப் பதிய வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. வண்டி ஓடுகிறது, அவர்களுக்கு அது போதும்.

"பதியலன்னா என்னா ஆகும்?" என்று லெட்சுமி அக்கா கேட்டார்.

"கார் வெள்ளத்துல போனா கம்பெனி ஆள் வந்து மொதல்ல இந்த நம்பரைத்தான் தொடைச்சுப் பாப்பான்க்கா. நீங்க காப்புறுதி எடுத்த கார் இது இல்லன்னுருவான். கட்டினதெல்லாம் வீண்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பாக்கலன்னு நெனச்சுக்க. நான்தான் காசு கட்டுறேங்குறேனே, எழுதிக்கயேன்லா!"

எழுதியிருக்கலாம். எத்தனையோ இடத்தில் எழுதுகிறார்கள். ஆனால் எழுதினால் அது அந்த வீட்டுக்கு உதவாத காகிதம் என்று எனக்குத் தெரியும். பதிந்துவிட்டு வாருங்கள், காப்புறுதி இல்லாமல் ரோட் டாக்ஸ் எடுக்க முடியாது, அடுத்த வாரத்திலிருந்து கார் நிற்க வேண்டியதுதான் என்றேன். அண்ணன் பானெட்டை இறக்கி மூடினார். அக்காதான் கேட்டார்.

"வண்டி நின்னுச்சுன்னா நான் எப்படிம்மா போறது?"

ஒரு முறை தவறினால் உடம்பு வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு விட முடியாது என்று அக்காவே தேநீர் கொடுக்கும்போது சொல்லியிருந்தார். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே காதில் இருந்தது. சார் எப்படியாவது ஒரு வழி சொல்வார் என்று நம்பிக்கொண்டு போனேன். சார் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாமல் இருந்தால் அது வேறை, பிள்ளை. தெரிஞ்ச பிறகு கையெழுத்துப் போடேலாது. தர்ட் பார்ட்டியும் போடேலாது."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் அவரிடம் குரலை உயர்த்தினேன். "சட்டம் எனக்கும் தெரியும் சார். அந்தக்கா எப்படிப் போவாங்க? அத சொல்லுங்க!"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எந்தெந்த நாள்?" என்றார்.

"செவ்வாய், வியாழன், சனி."

"செவ்வாயும் வியாழனும் நீர் கூட்டிக்கொண்டு போம். கவுண்டரை நான் பாக்கிறன். சனிக்கிழமை நான் போறன்."

அப்படித்தான் செய்தோம். பேப்பர் வேலை முடிகிறவரை மூன்று நான்கு வாரம் அது நடந்தது. செவ்வாய்க்கிழமைகளில் லெட்சுமி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழி நெடுகப் பேசுவார். "உங்க சார் ஓட்றப்ப நான் ஒரு மொழம் பூ கட்டி முடிச்சிருவேன் பாக்கியம். சைக்கிள்காரன் எல்லாம் எங்களைத் தாண்டிப் போறான்லா," என்பார். சார் அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மாட்டாராம். சுத்திகரிப்பு முடிகிறவரை வெளியே பெஞ்சில் பத்திரிகையோடு உட்கார்ந்திருப்பாராம். இது எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

இடையில் நானும் அண்ணனும் இன்ஜின் வாங்கிய கடையைத் தேடிப் போனோம். ஹாஃப் கட் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, இதற்கெல்லாமா ரசீது கேட்டு வருவார்கள் என்று முனகினான். நான் அவன் மேசை எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ரசீது வந்தது. பரிசோதனை, பதிவு எல்லாம் முடிந்து கிரானில் புது எண் ஏறியது. இத்தனை பழைய காருக்கு முழுக் காப்புறுதி தர முடியாது என்று கோலாலம்பூரில் கம்பெனிக்காரர்கள் மறுத்தார்கள். சார் போனை எடுத்து, கொஞ்சமும் குரல் உயராமல் ஆங்கிலத்தில் வெகு நேரம் பேசினார். நான் எடுத்த படங்கள், எண் தேய்த்த தாள் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். இப்படி ஒழுங்காகப் பார்த்து எழுதின பழைய கார் உங்களிடம் வேறெது இருக்கிறது என்று அவர்களைக் கேட்டார். அன்று மாலையே ஒப்புதல் வந்தது, வெள்ளத்தையும் சேர்த்து.

அதற்கப்புறம் இரண்டாவது மழைக்காலத்தில் ஆறு லயத்துக்குள் வந்தது. பட்டப்பகலில் வந்ததால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செம்பனை லாரியில் ஏற்றி எல்லாரையும் பெரிய சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார் ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீரில் நின்றது. கம்பெனி ஆள் வந்து பார்த்த அன்று அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, அவரு வந்ததும் கார சுத்திக்கூடப் பாக்கல. பானெட்டைத் தொறந்து நேரா அந்த நம்பரத்தான் தொடைக்கிறாரு."

"தொடைக்கட்டும்ணே. நல்லாத் தொடைக்கட்டும்," என்றேன். அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. அலுவலகத்தில் எல்லாருக்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தேன்.

பணம் வந்தது. அண்ணன் அதே ரகத்தில் இன்னொரு பழைய காரை வாங்கினார். பணம் வருகிறவரை லெட்சுமி அக்காவை யார் கூட்டிப் போவது என்று நான் சாரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை அவர் தானாகவே கிளம்பிப் போயிருந்தார். அந்தப் புதுப் பழைய காருக்கும் வருஷா வருஷம் வெள்ளத்தைச் சேர்த்து முழுசாகவே எழுதினேன். அண்ணன் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம். சார் அதற்கு முன்பே அலுவலகத்தை மகனிடம் கொடுத்துவிட்டிருந்தார். அண்ணன் வழக்கம்போல் ரோட் டாக்ஸ் முடியும் சமயத்தில் வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே போன வருஷத்தைப் போல எழுத ஆரம்பித்தேன்.

"இந்த வாட்டி தர்ட் பார்ட்டி போடு தங்கச்சி."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மறுபடியும் மொதல்லேருந்தாண்ணே? ஆறு எங்கயாவது எடம் மாறிப் போயிருச்சா?" என்று கிண்டல் செய்தேன்.

"ஆறு அங்கதான் இருக்கு. லெட்சுமிதான் இல்ல."

கை நின்றுவிட்டது. பங்குனியில் போய்விட்டாராம். தூக்கத்திலேயே போய்விட்டாராம். என் நம்பர் அக்காவின் போனில் இருந்ததாம், அதைத் திறக்க அண்ணனுக்குத் தெரியவில்லையாம். எனக்கு அழுகை வந்தது. கவுண்டரில் ஆட்கள் இருந்தார்கள், இருந்தும் அழுதேன். அண்ணன் என்னைத் தேற்றுகிற நிலை வந்துவிட்டது.

"அழுவாதம்மா. இத்தனை வருஷத்துல வண்டி இல்லைன்னு அவ ஒரு நாள்கூடப் போகாம இருந்ததில்ல. ஒரு நாள்கூட. அங்க இருந்த நர்சுங்களே சொன்னாங்க, தவறாம வந்த ஆளு உங்க வீட்டம்மாதான்னு."

முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு என்னிடம் பதக்கம் எதுவும் இல்லை. அந்த வார்த்தை இருக்கிறது. எனக்கு அது போதும்.

அண்ணன் இப்போது அந்தக் காரைச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் எடுக்கிறார். அது நாளைக்கு இல்லாமல் போனாலும் அந்த வீட்டில் நின்றுபோக எதுவும் மிச்சமில்லை. சாரின் கணக்குப்படி அண்ணன் கேட்டதுதான் சரி. நான் எழுதியதை அழித்துவிட்டுத் தர்ட் பார்ட்டி என்று போட்டு நீட்டினேன். அவர் அதை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தவர், ஏதோ சந்தேகம் வந்ததுபோல் நின்று என்னைப் பார்த்தார்.

"இனிமே இது போதும்ல தங்கச்சி?"

"போதும்ணே," என்றேன்.